தகராறு வந்தால் மட்டும் திறக்கவும்

எண்ணெயை நாங்கள் அளப்பதில்லை.
தொட்டியின் வாய்வழியே நாடாவை இறக்கி
எண்ணெய்க்கு மேலே மிஞ்சிக் கிடக்கும்
வெற்றிடத்தை அளப்போம்.
கழித்தால் வருவது எண்ணெய்.
பட்டர்வொர்த்தில் பதினேழு வருடமாக
இந்தக் கழித்தல்தான் என் பிழைப்பு.

வெள்ளி இரவு பதினொன்றரைக்கு
ரொஸ்லானின் படகில் போனேன்.
பினாங்கின் வெளிச்சம் ஒரு சாண் உயரமாகச் சுருங்கிய இடத்தில்
இரண்டு கப்பல்கள்
ஒட்டி உறங்குவதுபோல் நின்றன.
இருக்குமிடம் சொல்லும் கருவியை
இரண்டுமே அணைத்திருந்தன.
பின்புறத்தில் புதுப் பெயர், ஈரம் காயாத வெள்ளையில்.
டார்ச் அடித்தேன்.
பெயின்ட் மறைத்துவிடும், வெல்டிங் மறைக்காது.
அடியில் தடித்திருந்தது பழைய பெயர்,
அதற்கும் அடியில் இன்னொன்று.
ரொஸ்லான் வேறு பக்கம் பார்த்து
வெற்றிலை துப்பினான்.

தடை போட்டார்கள், எண்ணெய் நிற்கவில்லை.
சுற்றுவழி போயிற்று.
சுற்றுவழியில் ஒரு நிறுத்தம் நான்.

அதே இரவு, பத்து பெரிங்கியில்
கடல் பார்த்த ஓட்டலில்
மூன்றாம் நாள் பேச்சு.
விருந்துப் பிரிவில் இருக்கும் என் கொழுந்தியா தவநிதி
பிறகு வந்து சொன்னாள்:
மேசை எவ்வளவு அகலம் என்பதிலேயே
ஒரு பகல் கழிந்ததாம்.
இரு தரப்பும் பசியாற வேறு வேறு நேரமாம்.
தண்ணீர்ப் போத்தலின் லேபிளை எல்லாம்
உரிக்கச் சொன்னார்களாம்.
நான்காம் பத்தியில்
'உடனடியாக' என்று போடுவதா
'இயன்ற விரைவில்' என்று போடுவதா என்று
விடிய விடியக் காப்பி கேட்டார்களாம்.
பால்கனியில் சிகரெட் பிடித்த ஒருவர்
தூரத்து விளக்கைக் காட்டி
மீன்பிடிப் படகா என்றாராம்.
ஆமாம் என்றாளாம்.
அவளுக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்,
வேலை அவளுக்கும் வேண்டும்.

கப்பலில் பேச்சு பத்தே நிமிடம்.
இரண்டு கேப்டன்கள், ஒரே பேனா.
'விளைந்த நாடு' என்ற கட்டத்தில்
'கலவை' என்று எழுதினார்கள்.
பொய் இல்லை.
எல்லாமே கலந்துதான் இருந்தது.

தலைமை அதிகாரி இளைஞன், பெயர் தரஸ்.
எந்த ஊர் என்றேன்.
குண்டு விழுகிற பக்கத்து ஊரைச் சொன்னான்.
எண்ணெய்
குண்டு போடுகிற பக்கத்தது.
நான் நாடாவைத் துடைத்தேன்.
அவன் கம்பியில் சாய்ந்து
போனைப் பினாங்குப் பக்கமாக நீட்டிப் பிடித்தான்,
வெளிச்சம் இருக்கும் பக்கம்
சிக்னலும் இருக்குமென்று.
கிடைக்கவில்லை.
எங்கள் காலடியில் குழாய் துடித்தது,
இளஞ்சூடாக,
மாட்டின் கழுத்தைத் தொட்டதுபோல.

மூன்று குப்பி மாதிரி எடுப்பது வழக்கம்.
விற்றவனுக்கு ஒன்று, வாங்கியவனுக்கு ஒன்று,
மூன்றாவது என் அலமாரிக்கு.
முத்திரைமேல் அச்சடித்திருக்கும்:
தகராறு வந்தால் மட்டும் திறக்கவும்.
தொண்ணூறு நாள் வைத்திருந்து
கொட்டிவிடலாம்.

ஞாயிறு மதியம் பேச்சு முடிந்தது.
'பயனுள்ள சந்திப்பு,
அடுத்த தேதி பின்னர்.'
தவநிதி மிச்சம்வந்த கேக்கை
டப்பாவில் கொண்டுவந்தாள்.
நன்றாகத்தான் இருந்தது.

திங்களன்று மோட்டாருக்கு
ஐந்து வெள்ளிக்கு அடித்தேன்.
குழாய்முனையை முகர்ந்து பார்த்ததைக்
கடைப்பையன் விநோதமாகப் பார்த்தான்.

இன்று தொண்ணூற்று ஆறாம் நாள்.
விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும்
இதுவரை ஒரு தகராறும் இல்லை.
தரஸ் கொடுத்த நம்பருக்கு
'வீட்டுக்குப் பேசினாயா?' என்று அனுப்பியிருந்தேன்.
ஒரே ஒரு டிக்.

குப்பியை முழுக்க நிரப்பக் கூடாது,
சூட்டில் எண்ணெய் விரியும்;
மேலே இரண்டு விரல் விட வேண்டும்.
அலமாரியைத் திறக்கும்போதெல்லாம்
அந்த இரண்டு விரலைத்தான் பார்க்கிறேன்.
கொட்டவில்லை.
நாளைக்குக் கொட்டலாம்.